எங்க வீட்டு மரம் சிவப்பா, பச்சையா?

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்காவில் இருக்கிற நம்ம நண்பர்கள் எல்லாரும் ஒரே படத்தை அனுப்ப ஆரம்பித்துவிடுவார்கள். நியூஜெர்சியோ பாஸ்டனோ, பின்னால் தீப்பிடித்த மாதிரி ஒரு மேப்பிள் மரம், முன்னால் ஸ்வெட்டர் போட்ட குடும்பம். நானும் வருஷா வருஷம் "அருமை" என்று சொல்லிவிட்டு லெட்ஜருக்குத் திரும்பிவிடுவேன். (வங்கிக்காரனுக்கு அக்டோபர் என்றால் அரையாண்டுக் கணக்கு முடிந்த களைப்பு. இலையாவது பூவாவது!)

போன வருஷம் அப்படி வந்த ஒரு படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "இதென்ன பெரிய அதிசயம்? மாட்டுங்கா வீட்டு முற்றத்துல நம்ம பாதாங்கொட்டை மரம் இதைவிடச் செவந்து கெடக்கும்லா. ஆல்பத்துல இருக்கே, பாரேன்."

எங்கள் வீட்டில் இது நாற்பது வருஷத்து வழக்கு. 1982 ஜனவரியில் குவைத் மாமா லீவில் வந்தபோது எடுத்த கலர் போட்டோ அது. நான் எட்டு மாசக் குழந்தை, அம்மா மடியில். பக்கத்தில் வேட்டி கட்டிய அப்பா. பின்னால் அந்த மரம். படத்தில் மரம் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவே மாட்டார். "மரம் பச்சைதான், படம் வெளுத்துப்போய்ச் சிவப்பாயிருக்கு. உன் தலைமுடியும் செம்பட்டையாத்தான் தெரியுது, அப்போ நீ என்ன வெள்ளைக்காரியா?" என்பார். மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தி ரெண்டு வருஷம் வேலை பார்த்தவர். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

2011-இல் அப்பா போய்விட்டார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியபோது மரமும் போய்விட்டது. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அந்தப் போட்டோதான். அந்தச் சாட்சியையே நம்பலாமா கூடாதா என்பதுதான் கேள்வி.

நான் பி.காம். படித்தவன். தாவரவியலும் தெரியாது, ரசாயனமும் தெரியாது. ஆனால் வவுச்சரைச் சரிபார்க்கத் தெரியும். அப்படித்தான் இதில் இறங்கினேன்.

முதல் கேள்வி: மும்பையில் இலை சிவக்குமா?

இலையுதிர் காலம் என்பது நாம் பாடப்புத்தகத்தில் படித்த வார்த்தை. நம்முடைய பழைய ஆறு பருவங்களில் கார் உண்டு, கூதிர் உண்டு, முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எல்லாம் உண்டு. இலை உதிர்வதற்கென்று தனிப் பருவம் கிடையாது. குளிர் நாடுகளில் பகல் குறுகி, குளிர் ஏறும்போது இலையில் இருக்கிற பச்சையம் சிதைகிறது. உள்ளே ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்கள் அந்தச் சமயத்தில் சிவப்பு நிறமியைப் புதிதாகவே தயாரிக்கின்றன. நம் பக்கம் இந்த வேலையைப் பெரும்பாலும் குளிர் செய்வதில்லை, வறட்சி செய்கிறது. மழை நின்று மாதக்கணக்கான பிறகு, தையிலும் மாசியிலும்தான் நம்ம ஊர் மரங்கள் இலையைக் கொட்டும்.

அதிலும் மேப்பிள் மாதிரியே சிவந்து விழுகிற மரம் ஒன்று நம் தெருக்களில் உண்டென்றால் அது பாதாங்கொட்டை மரம்தான். புத்தகத் தமிழில் நாட்டு வாதுமை. இங்கே தேசி பதாம் என்பார்கள். அடுக்கடுக்காகக் குடை விரித்த மாதிரி கிளை, கையகலத்துக்கு மேல் இலை. மும்பையில் டிசம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை பழுத்து, ஆரஞ்சாகி, ரத்தச் சிவப்பாகி விழும். ஆனால் மரம் முழுக்க ஒரே நாளில் சிவக்காது. பாதி பச்சை, கால் மஞ்சள், கால் சிவப்பு என்று நிற்கும். பக்கத்து மரம் ஒரு மாசம் கழித்துத் தொடங்கும். அம்மா சொன்னது நடக்கக்கூடிய விஷயம்தான்.

இன்னொன்று. நம் மரங்களில் பல சாகும்போது சிவப்பதில்லை, பிறக்கும்போது சிவக்கின்றன. அரசந்தளிரைப் பாருங்கள், மாந்தளிரைப் பாருங்கள். மாந்துளிர் என்று புடவைக்கே ஒரு நிறம் வைத்த ஆட்கள் நாம். பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். மும்பையில் பிப்ரவரி, மார்ச்சில் இரண்டும் ஒரே சமயத்தில், ஒரே தெருவில் நிற்கும். படம் எடுக்கிறவனுக்கு எதை எடுப்பது என்றே குழம்பிவிடும்.

சரி, மரம் சிவக்கும். அதை ஒரு படம் ஒழுங்காகச் சொல்லுமா? இங்கேதான் சரித்திரம் வருகிறது.

ஆரம்பகாலப் போட்டோத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது. நீலமும் ஊதாவும்தான் அவற்றின் கண்ணில் படும். பச்சை இருட்டாக விழும், சிவப்பு சுத்தக் கறுப்பாக விழும். 1873-இல் பெர்லினில் ஹெர்மன் வோகல் என்ற வேதியியல் பேராசிரியர், தகட்டில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் அது பச்சையையும் பார்க்கும் என்று கண்டுபிடித்தார். சிவப்பு வரை பார்க்கிற தகடு கடைக்கு வர 1906 ஆனது. ஆக பத்தொன்பதாம் நூற்றாண்டு பம்பாய்ப் படங்களில் ஒரு மரம் கறுப்பாக நின்றால், அது கரும்பச்சையா, பழுத்த சிவப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கறுப்பு.

முதலில் நிறத்தைப் பிடித்து வியாபாரத்துக்குக் கொண்டுவந்து ஜெயித்தவர்கள் பிரான்சின் லூமியேர் சகோதரர்கள். சினிமாவைக் காட்டிய அதே லூமியேர்தான். 1907-இல் 'ஆட்டோக்ரோம்' தகட்டை விற்க ஆரம்பித்தார்கள். அதன் ரகசியம் என்ன தெரியுமா? உருளைக்கிழங்கு மாவு! மாவின் நுண்ணிய மணிகளை ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று மூன்று சாயத்தில் நனைத்து, கலந்து, கண்ணாடியில் தூவினார்கள். ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி வடிகட்டி. நிறம் வந்தது, ஆனால் வெளிச்சத்தைக் குடித்துத் தீர்த்தது. நல்ல வெயிலிலேயே ஒரு வினாடி, அதற்கு மேலும் திறந்து வைக்க வேண்டும். மரத்தை எடுக்கிறவனுக்கு இது பெரிய தலைவலி. ஒரு வினாடி அசையாமல் நிற்கிற இலை எந்த ஊரில் இருக்கிறது?

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு. நம்ம தொழில்காரர், வங்கியாளர்! ஆல்பர்ட் கான் என்று பாரிஸில் இருந்த பெரும் பணக்காரர். உலகம் மாறிப்போவதற்குள் அதை நிறத்தோடு பதிந்து வைக்க வேண்டும் என்று, 1909 முதல் சொந்தக் காசில் போட்டோக்காரர்களை நாடு நாடாக அனுப்பினார். சுமார் 72,000 ஆட்டோக்ரோம் தகடுகள் சேர்ந்தன. அவர் அனுப்பிய ஸ்தெஃபான் பாஸே என்பவர் 1913-14 குளிர்காலத்தில் இந்தியா வந்து பம்பாயிலும் படம் எடுத்தார். 1929-இல் பங்குச்சந்தை சரிந்தபோது கானின் சொத்தும் சரிந்தது. 1931-இல் வேலை நின்றது. பணம் போனது, படங்கள் நிற்கின்றன. எங்கள் ஆடிட்டர் கேட்டால் இதை எந்தத் தலைப்பில் எழுதுவார் என்று யோசித்துச் சிரித்துக்கொள்வேன் :-)

அதே காலத்தில்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற மாட்டுங்காவே உருவாகிக்கொண்டிருந்தது. 1896 பிளேக்குக்குப் பிறகு, 1898-இல் ஏற்படுத்திய இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட், நெரிசல் இல்லாத புறநகர் வேண்டும் என்று தாதர், மாட்டுங்கா பக்கம் மனை பிரித்தது. அகலத் தெரு, நடுவில் பூங்கா, ஓரத்தில் மரம். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கிறவர்களுக்கு அந்தத் திட்டத்தின் நிழல் இன்றும் கிடைக்கிறது. நிழல் தருகிற தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கப் பக்கத்து மரம். மே மாசம் சிவக்கிற மே ஃப்ளவர் மடகாஸ்கரில் இருந்து வந்தது. நம்மைப் போலவே பிழைக்க வந்து ஊர்க்காரர்களானவை.

இந்த மரங்களைப் பற்றிப் பம்பாயில் இருந்தே ஒரு நல்ல புத்தகம் வந்தது. செயின்ட் சேவியர் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த பாதிரியார் எதல்பெர்ட் பிளாட்டரும், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் மில்லார்டும் எழுதியது. 1937-இல் புத்தகமாக வந்தபோது அதில் வண்ணப் படங்களும் உண்டு, கறுப்பு வெள்ளைப் படங்களும் உண்டு. அந்த மில்லார்டிடம்தான் 1908-இல் ஒரு சின்னப் பையன், தான் சுட்ட குருவி என்ன ஜாதி என்று கேட்டுப் போனான். அவன்தான் சலீம் அலி. இவரை மறந்துவிடாதீர்கள், தாராவிக்குப் போகும்போது மறுபடி வருவார்.

அப்புறம் வந்தது கோடாக்ரோம். 1935-இல் சினிமா ஃபிலிமாக, அடுத்த வருஷம் ஸ்டில் கேமராவுக்கு. கண்டுபிடித்த இருவரும் இசைக்கலைஞர்கள் என்பது வேடிக்கை. இந்திய வெயிலையும் நிறத்தையும் உலகத்துக்குக் காட்டிய ரகுபீர் சிங் (1942-1999) அதில்தான் பெயர் வாங்கினார். பம்பாயைப் பற்றி 1994-இல் தனிப் புத்தகமே போட்டார். ஆனால் அதைக் கழுவ விசேஷமான லேப் வேண்டும். நம்ம மாதிரி வீடுகளுக்கு அது எட்டாத கனி.

நம் வீடுகளுக்கு எட்டியது என்ன? பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. அதற்குள் நம்ம ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ஃபிலிம். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் 1960-இல் பதிவாகி, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கலர் அலை அடித்தபோது அதனால் நிற்க முடியவில்லை. 1990-களில் நலிந்து, பிறகு மூடப்பட்டது. அதனால்தான் எழுபதுகளில் மும்பைக்கு வந்த பல தமிழ்க் குடும்பங்களின் ஆல்பத்தில் முதல் பாதி கறுப்பு வெள்ளை. திடீரென்று ஒரு பக்கத்தில் கலர் தொடங்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், அநேகமாக அங்கே வளைகுடாவில் இருந்து வந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ நிற்பார்.

அந்தக் கலர் பக்கத்தில்தான் எங்கள் வழக்கும் இருக்கிறது.

கலர் பிரிண்டில் மூன்று சாய அடுக்குகள் உண்டு: நீலப்பச்சை, செந்நீலம், மஞ்சள். எழுபது, எண்பதுகளின் பல பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் பலவீனமானது. வெளிச்சமே படாமல் ஆல்பத்துக்குள் பூட்டி வைத்தாலும் அது மெல்ல அழியும். உஷ்ணமும் ஈரமும் இருந்தால் இன்னும் வேகம். மும்பை பீரோவுக்குள் இரண்டுக்கும் பஞ்சமில்லை. நீலப்பச்சை போனால் மிஞ்சுவது சிவப்பு. ஹென்றி வில்ஹெம் என்ற அமெரிக்கர் இந்த அழிவையெல்லாம் வருஷக்கணக்கில் சோதித்து 1993-இல் தடித்த புத்தகமே எழுதினார். சலூன் சுவரில் வெயில் படுகிற சினிமா போஸ்டர் நீலமாகப் போகும், பீரோவுக்குள் இருக்கிற கல்யாண போட்டோ சிவப்பாகப் போகும். ஆக அப்பா சொன்னதும் நடக்கக்கூடிய விஷயம்தான்!

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் நானே ஒரு சிவந்த மரத்தை ஒழுங்காக எடுத்துப் பார்ப்போம் என்று, இந்த ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்பினேன். செம்பூரில் எங்கள் தெருமுனை மரத்தில் ஆரம்பித்தேன். கண்ணுக்குத் தகதகவென்று இருந்தது, படத்தில் சுட்ட செங்கல் மாதிரி வந்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. கேமராவை ஆட்டோவில் விட்டால், காட்சி முழுக்கச் சிவப்பாக இருக்கும்போது அது "விளக்கு வெளிச்சம் போலிருக்கிறது" என்று தப்பாக எண்ணிக்கொண்டு நீலத்தைக் கலந்து சமன் செய்கிறது. பழைய பிரிண்ட் லேப் மெஷின்களிலும் இதே வியாதி உண்டு. எந்தப் படமும் சராசரியில் சாம்பல் நிறமாக இருக்கும் என்ற கணக்கில் அவை ஓடின. வெள்ளைச் சமநிலையைப் 'பகல் வெயில்' என்று கையால் வைத்ததும் சிவப்பு திரும்பி வந்தது.

அடுத்த தொல்லை, சிவப்பு ஒரேயடியாக அப்பிக்கொள்வது. இலை நரம்பு ஒன்றும் தெரியாது. இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை கோடக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில் ஓடுகின்றன. நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று நீலம், ஒன்றே ஒன்று சிவப்பு. சிவந்த இலைக்குக் கால்வாசி ஆட்கள்தான் வேலை பார்க்கிறார்கள். அதனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே எடுக்க வேண்டும். வாதுமை இலையின் வழவழப்பில் வானம் பளபளத்து நிறத்தை மூடும். முன்னால் போலரைசர் வடிகட்டியைத் திருகினால் அந்தப் பளபளப்பு விலகும். எல்லாவற்றையும்விட, சூரியன் இலைக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்பக்கம் வெயில் விழுகிற இலை தோல் மாதிரி, பின்னால் இருந்து விழுகிற இலை விளக்கு மாதிரி.

இதெல்லாம் சரி, மும்பையில் மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? கேபிள் வயர், ஏ.சி. பெட்டி, நீலத் தார்ப்பாய், அரசியல்வாதியின் பிறந்தநாள் பேனர். கடைசியில் தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்குக்குப் போனேன். தாராவியில் பிறந்து வளர்ந்த பலர்கூட உள்ளே போனதில்லை. 1977 வரை ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய இடம். 1983-இல் சலீம் அலி முதல் கன்றை நட்டார். 1994-இல் பூங்காவாகத் திறந்தார்கள். சுமார் 37 ஏக்கர். குப்பைமேட்டின் மேல் நிற்கிற காடு! அங்கே காலை எட்டு மணிக்கு, எதிர்வெயிலில், ஒரு கிளையில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஆறேழு இலை கிடைத்தது. காற்று நிற்கக் காத்திருந்து எடுத்தேன். நூற்றி நாற்பது படத்தில் அது ஒன்றுதான் தேறியது.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை 1982 படத்தின் பக்கத்தில் வைத்தேன். என்ன பிரயோஜனம்? பழைய படத்தில் எல்லாமே சிவப்பு. வேட்டி மட்டும் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கிறது. சாயம் இல்லாத இடத்தில் அழிய என்ன இருக்கிறது! அப்பா சொன்ன மாதிரி அம்மாவின் கருங்கூந்தல்தான் செம்பட்டை. புடவை காப்பிப்பொடி நிறம்.

"அம்மா, அன்னைக்குக் கட்டியிருந்தது என்ன புடவை?"

"உனக்குக் காது குத்துறப்போ எடுத்த பச்சைப் புடவைல்லா. டிரங்குப் பெட்டியில கெடக்கு."

தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷமாகச் சாட்சி டிரங்குப் பெட்டிக்குள் அந்துருண்டையோடு மடிந்து கிடந்திருக்கிறது! புடவையை எடுத்து ஜன்னலோரம் விரித்துப் படம் எடுத்தேன். பழைய போட்டோவை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் தொலைந்துபோன நீலப்பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கூந்தல் கறுக்கிற வரைக்கும், புடவை அந்தப் பச்சைக்கு வருகிற வரைக்கும். மரத்தைப் பார்க்கவே இல்லை, கையால் மறைத்துக்கொண்டேன். கணக்கு நேர்மையாக இருக்க வேண்டுமே.

கையை எடுத்தேன்.

மரத்தின் மேல்பாதி பச்சை. நல்ல கரும்பச்சை. கீழ்க்கிளை இரண்டில், அம்மாவின் தலைக்கு மேலே, இலைகள் சிவப்பாகவே நின்றன.

கோர்ட்டில் இது செல்லாது என்று எனக்குத் தெரியும். புடவையும் கொஞ்சம் வெளுத்திருக்கலாம், ஃபிலிமுக்கென்று ஒரு நிறச்சாய்வு இருக்கும். ஆனால் படத்தின் பின்னால் மாமா எழுதிய தேதி ஜனவரி. மரம் சிவக்கத் தொடங்குகிற மாசம். மூன்று சாட்சி ஒத்துப்போனால் எங்கள் வங்கியில் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள். "அப்பவே சொன்னேன்லா" என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "மேல பச்சையாத்தான் இருந்திருக்கு, என்ன? அவுக நின்னுக்கிட்டுல்லா இருந்தாக. அவுக கண்ணுக்கு மேக்கொப்புதான் தெரிஞ்சிருக்கும். நான் கீழ உக்காந்திருந்தேன்" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா சண்டை போட்டோம்" என்றார்கள்.

உங்கள் வீட்டு பீரோவிலும் ஒரு ஆல்பம் சிவந்துகொண்டிருக்கும். நேரம் இருக்கும்போதே ஸ்கேன் செய்துவிடுங்கள். பின்னால் தேதி இல்லாவிட்டால் தெரிந்தவர்களைக் கேட்டுப் பென்சிலில் எழுதுங்கள். படத்தில் இருக்கிற புடவையோ பித்தளைச் சொம்போ இன்னும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முக்கியமாக, அந்தப் படத்தில் நிற்கிறவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் எங்கள் அப்பாவிடம் காட்டப் பதினைந்து வருஷம் பிந்திவிட்டேன்.